சுண்ணாம்பு கூடினால் நாக்கு வேகும், கை வேகாதா?

போன இதழில் மழைக்காலத்துச் சேற்றுப்புண்ணைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்துதான். எழுதியவர்கள் பெரும்பாலும் மனைவிமார், அக்கா தங்கைகள். வேலைக்குப் போகிற ஆள் கை எரிகிறது என்று தானாக உட்கார்ந்து எழுதுவது அபூர்வம். அதனால் இந்த மாதம் பக்கம் முழுவதும் கட்டட வேலைக்காரர்களுக்கே. பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள், ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் இருபது வருசத்துக்கு மேல் கொத்து வேலை செய்கிறார். மூன்று வருசமாக இரண்டு கையும் வெடித்து, விரல் இடுக்கில் நீர் கோத்து, ராத்திரியெல்லாம் சொறிந்து தலையணை உறையில் ரத்தக் கறை. குழம்பு பட்டால் எரிகிறது என்று சோற்றைக் கரண்டியால் சாப்பிடுகிறார். மாமியார் இது ரத்தச் சூடு, கருவாடு, நாப்பி மீன் விழுது, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்து என்றார். நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது, ஒரு மாற்றமும் இல்லை. திஞ்சான் புத்தாண்டு லீவில் பத்து நாள் வீட்டில் இருந்தபோது மட்டும் கை ஆறியது. வேலைக்குப் போன மூன்றாம் நாளே பழையபடி. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?
(திங்கஞ்சுன், ரங்கூன்)

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது ஒட்டுகிற வியாதி இல்லை. பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கச் சொல்லுங்கள், அவர் சாப்பிட்ட தட்டைத் தனியாக வைக்காதீர்கள். கருவாட்டையும் நாப்பியையும் திரும்பக் கொடுங்கள், பாவம், ஆறு மாதம் வாய்க்கு ருசியில்லாமல் இருந்திருக்கிறார்.

என்ன வியாதி என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. லீவில் ஆறுகிறது, வேலைக்குப் போனால் திரும்புகிறது. சாப்பாட்டால் வந்ததென்றால் லீவிலும் அதே வீட்டுச் சாப்பாடுதானே சாப்பிட்டார்? வருவது சிமென்டிலிருந்து.

வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம், நம் ஊரில் முக்குக்கு முக்கு கூன்யா என்கிற வெற்றிலைக் கடை இருக்கிறது. சுண்ணாம்பு ஒரு தடவல் கூடிப்போனால் நாக்கு வெந்துபோகிறதல்லவா? சிமென்ட் தூளில் தண்ணீர் ஊற்றியதும் உண்டாகும் பொருள்களில் அதே நீற்றிய சுண்ணாம்பும் ஒன்று. புளிப்பையும் சுண்ணாம்புக் காரத்தையும் அளக்கிற பி.எச். கணக்கில் நல்ல தோல் 5-ஐ ஒட்டி இருக்கும், லேசான புளிப்பு. ஈரச் சிமென்ட் 12, 13-க்குப் போய்விடும். இந்தக் கணக்கில் எண் ஒன்று கூடினால் பத்து மடங்கு என்று அர்த்தம், அப்படியென்றால் 5-க்கும் 12-க்கும் நடுவில் ஒரு கோடி மடங்கு. அதில் காலை எட்டு மணி முதல் சாயங்காலம் வரை கை ஊறினால் தோலின் எண்ணெய்ப் பசை போகும், மணல் உராய்ந்து மேல் தோல் தேயும், அப்புறம் வெடிக்கும். இது யாருக்கும் வரக்கூடியது. கொத்தனாரைவிடக் கலவை போடுகிற சித்தாளுக்கு முன்னாடியே வரும்.

ஆனால் இருபது வருசம் ஒன்றும் இல்லாமல் இருந்து, மூன்று வருசமாக மட்டும் இந்த அரிப்பு, நீர்க் கொப்புளம் என்றால் எனக்கு இன்னொரு சந்தேகமும் வருகிறது, அதுதான் ஒவ்வாமை. சிமென்டில் குரோமியம் என்ற உலோகம் மிகச் சிறிதளவு கலந்திருக்கும். மூலப்பொருளிலிருந்தும் சூளைச் செங்கலிலிருந்தும் அரைக்கிற இயந்திரத்திலிருந்தும் வருவது. அதில் ஒரு வகை தண்ணீரில் கரைந்து தோலுக்குள் இறங்கும். ஒருவர் உடம்பு அதை வருசக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும், ஒரு நாள் அதை எதிரியாக அடையாளம் வைத்துவிடும். அதற்குப் பிறகு துளி பட்டால் போதும், உடனே இல்லை, ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பு கிளம்பும். இந்தத் தாமதம்தான் ஆளை ஏமாற்றுகிறது. திங்கட்கிழமை பட்டதற்குப் புதன்கிழமை அரித்தால், புதன்கிழமை தின்ற கத்தரிக்காய்மேல் பழி விழுகிறது. 1950-இல் சுவிட்சர்லாந்தில் யேகர், பெலோனி என்ற இருவர் சிமென்ட் அரிப்பு வந்தவர்களின் தோலில் குரோமிய உப்பை ஒட்டிப் பார்த்துத்தான் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இன்றைக்கும் சோதனை அதே மாதிரிதான். முதுகில் சின்னச் சின்னதாக மருந்து வைத்த பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் குளிக்காமல் வைத்திருந்து, எடுத்தபின் பார்த்து, இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள். எந்தப் பட்டை இருந்த இடம் சிவந்து தடித்திருக்கிறதோ அதுதான் ஆகாத பொருள். தோல் மருத்துவரிடம் கேளுங்கள், ஊசி கிடையாது, வலி கிடையாது. ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது, அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

குரோமிய ஒவ்வாமை என்று உறுதியானால் ஒரு விஷயம் கட்டாயம் ஞாபகம் இருக்கட்டும். பதனிட்ட தோலிலும் பெரும்பாலும் குரோமியம் இருக்கிறது. கையைக் காப்பாற்றத் தோல் கிளவுஸ் வாங்கிப் போட்டால் அதுவே அரிப்பைக் கிளப்பும். கால் மேற்புறத்தில், செருப்பு வார் படுகிற இடத்தில் அவருக்கு அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இதில் எனக்கு மனசு ஆறாத ஒன்று உண்டு. இரும்பு சல்பேட் என்ற விலை குறைந்த உப்பைச் சிமென்டில் கலந்தால் அந்தக் கரைகிற குரோமியம் கரையாத வகையாக மாறிவிடும். டென்மார்க்கில் 1980-களின் தொடக்கத்திலேயே இதைச் செய்ய ஆரம்பித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005 ஜனவரியிலிருந்து, ஒரு கிலோ சிமென்டில் 2 மில்லிகிராமுக்கு மேல் அந்தக் குரோமியம் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. கட்டட வேலைக்காரர்களுக்குக் குரோமிய ஒவ்வாமை அந்த நாடுகளில் குறைந்தும் போனது. மருந்தால் இல்லை, மூட்டையிலேயே சரி செய்ததால். அந்த உப்புக்கும் ஆயுள் உண்டு, மூட்டை பழசாகி ஈரம் வாங்கினால் வேலை செய்யாது. அதனால் மூட்டையில் தேதி போட்டிருந்தால் பார்த்து வாங்கச் சொல்லி மேஸ்திரியிடம் சொல்வதில் தப்பில்லை.

சரி, இப்போது கைக்கு என்ன செய்வது? வெடிப்பும் நீரும் உள்ள கைக்கு மருத்துவர் கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுப்பார், சீழ் பிடித்திருந்தால் அதற்கும் மருந்து கொடுப்பார். அவர் சொன்ன நாள் வரை மட்டும் போடுங்கள். மற்றதெல்லாம் வேலையிடத்தில்தான் இருக்கிறது.

கை கழுவத் தனித் தண்ணீர் வேண்டும். நான் கட்டடங்களுக்குப் போகும்போது முதலில் பார்ப்பது அந்த வாளியைத்தான். கரண்டி, மணியாசுக் கட்டை, சட்டி எல்லாம் கழுவிக் கழுவிச் சாம்பல் நிறத்தில் பால் மாதிரி நிற்கும் தண்ணீர், அதிலேயே கையையும் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுகிறார்கள். அது தண்ணீர் இல்லை, சுண்ணாம்புக் கரைசல். வீட்டிலிருந்து ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் நல்ல தண்ணீர் கொடுத்து அனுப்புங்கள், அது கைக்கு மட்டும். சாதாரணக் குளியல் சோப்பு போதும், துணி சோப்புத் தூள் வேண்டாம். மண்ணெண்ணெய், தின்னர் கூடவே கூடாது, சிமென்ட் விட்டுவைத்த எண்ணெய்ப் பசையையும் அது துடைத்துக்கொண்டு போய்விடும். எலுமிச்சம்பழம் தேய்த்தால் காரம் முறியும் என்பார்கள். வெடித்த கையில் அதைத் தேய்க்காதீர்கள், தண்ணீர் போதும். துடைத்து ஈரம் காய்வதற்குள் வாசலின் தடவட்டும், இல்லையென்றால் தேங்காய் எண்ணெய். ராத்திரி படுக்கும் முன் இன்னொரு முறை, தாராளமாக.

கிளவுஸ் என்றால் முழங்கைப் பக்கம் வரை வருகிற, உள்ளே பருத்தித் துணி வைத்த நைட்ரைல் கிளவுஸ். வெறும் பருத்தி கிளவுஸ் சிமென்டுத் தண்ணீரை உறிஞ்சிக் கையோடு சேர்த்துக் கட்டிப்போடும், அதற்குப் போடாமலே இருக்கலாம். சிமென்ட் பட்ட கையோடு கிளவுஸுக்குள் கையை விட்டாலும் அதே கதிதான். சில ரப்பர் கிளவுஸில் சேர்க்கும் பொருள்களே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, மணிக்கட்டு வரை கோடு போட்ட மாதிரி அரிப்பு நின்றால் கிளவுஸைச் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் மோதிரம், கயிறு. போன வருசம் ஒருவர் மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி புண்ணோடு வந்தார். காளி கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு, பூச்சு வேலையில் சிமென்ட் ஊறி ஊறிச் சாம்பல் நிறமாகிக் கம்பி மாதிரி விறைத்துப்போயிருந்தது. அறுக்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். நான் அறுக்கச் சொல்லவில்லை, அவிழ்த்து மேல் கையில் கட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அம்மன் கோபித்துக்கொள்ளமாட்டாள். மூன்று வாரத்தில் புண் ஆறிவிட்டது.

கேள்வி: 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு மாண்டலேயில் கட்டட வேலை நிறைய இருக்கிறது என்று தம்பியும் நானும் வந்தோம். போன வாரம் தளம் போட்டபோது தம்பி ஈரக் கான்கிரீட்டில் முட்டி போட்டு மூன்று மணி நேரம் மட்டம் தட்டினான். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி எரிச்சல், காலையில் இரண்டு முட்டியும் கறுத்துப்போய் உணர்ச்சியே இல்லை. பற்பசை தடவியிருக்கிறோம். சரியாகிவிடுமா?
(மாண்டலே)

பதில்: தம்பி, இதைப் படித்ததும் எழுந்திருங்கள், அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். கறுத்துப்போய் உணர்ச்சி இல்லை என்றால் தீக்காயம் தோலின் முழு ஆழத்துக்கும் போயிருக்கலாம். சில பேருக்கு ஆகாத தோலை வெட்டி எடுத்து, வேறு இடத்துத் தோலை வைத்து ஒட்டவேண்டி வரும். தள்ளிப்போட்டால் சீழ் பிடிக்கும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டான் என்பதையும் அங்கே சொல்லுங்கள். பற்பசையைச் சுரண்டவேண்டாம், சுத்தமான துணியால் லேசாக மூடிக் கூட்டிப் போங்கள்.

மற்றவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுப்பில் சுட்டால் கை தானாகப் பின்வாங்கும். சிமென்ட் அப்படிச் சுடாது, மெல்ல மெல்ல வேகவைக்கும், சில சமயம் வலி தெரிவதற்குள் பல மணி நேரம் ஆகிவிடும். ஒரு பையனின் ரப்பர் பூட்ஸை நானே கழற்றியிருக்கிறேன். கான்கிரீட் ஊற்றும்போது மேல் வழியாக ஒரு கை அளவு உள்ளே விழுந்திருக்கிறது, வேலையை நிறுத்தினால் திட்டுவார்கள் என்று அப்படியே நின்றிருக்கிறான். காலுறையை உருவியபோது கணுக்காலுக்கு மேலே தோல் நனைந்த காகிதம் மாதிரி வெள்ளையாக அதோடு சேர்ந்து வந்தது. அவன் வலிக்குது என்று கூடச் சொல்லவில்லை, நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்று கேட்டான். பத்தொன்பது வயசு.

உள்ளே விழுந்த உடனே பூட்ஸைக் கழற்றுங்கள், நனைந்த பேண்டையும் கைலியையும் கழற்றுங்கள், வெட்கம் பார்க்கவேண்டாம். ஓடுகிற தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் இதேதான், இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும், கழுவியதும் நேராகக் கண் மருத்துவரிடம். முட்டி போட்டுச் செய்யும் வேலைக்கு அடியில் ஒரு பலகையோ தடித்த பிளாஸ்டிக்கோ போட்டுக்கொள்ளுங்கள், நீர் புகாத முட்டி உறை கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நானும் என் நாத்தனாரும் சித்தாள் வேலைக்குப் போகிறோம். முகத்துக்குப் பூசுகிற மாதிரி கையிலும் தனாக்கா மரப்பட்டைச் சாந்தைக் கெட்டியாகப் பூசிக்கொண்டு போனால் சிமென்ட் ஏறாது என்கிறார்கள். உண்மையா?
(தன்லியின்)

பதில்: இல்லை அம்மா. வெயிலுக்கு முகத்தில் பூசுங்கள், குளிர்ச்சியாக இருக்கும். ஈரச் சிமென்ட் பட்டால் தனாக்கா ஊறிக் கரைந்துவிடும், தடுக்காது. கடையில் விற்கிற பாதுகாப்பு கிரீம்களையும் கிளவுஸுக்குப் பதிலாக நம்பவேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 24, சென்ட்ரிங் வேலை. தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாக அரிப்பு. மருந்துக் கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். போட்ட இரண்டு நாளில் மாயம் மாதிரி அடங்கியது, நிறுத்தினால் இரண்டு மடங்காக வருகிறது. ஏழு ட்யூப் முடிந்துவிட்டது. இப்போது முதுகு வரை. இதுவும் சிமென்ட் அலர்ஜியா?
(இன்செயின்)

பதில்: நீங்கள் சொல்கிற அடையாளம் எல்லாம் படர்தாமரையைக் காட்டுகிறது, சிமென்டுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழை, அதோடு வியர்வை, காயாத கைலி, ஒரே கொட்டகையில் பத்துப் பேர், ஒரே துண்டு. பூஞ்சைக்கு வேறு என்ன வேண்டும்?

அந்த ட்யூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மேலே திங்கஞ்சுன் கொத்தனாருக்கு அதே வகை மருந்துதான் சொன்னேன், அவருடைய கைக்கு அது சரி. உங்களுக்கு அது விஷம் மாதிரி. அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும், ஆனால் தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்குவதால் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். தொடை இடுக்கில் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து பிரசவக் கோடு மாதிரி கோடு விழும், அது மறையாது. கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் கொடுத்திருப்பார், ஆனால் பார்வைக்கு இரண்டு அரிப்பும் ஒரே மாதிரி இருக்கும். லேசாகச் செதில் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பூஞ்சையா இல்லையா என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

ட்யூப்பை நிறுத்துங்கள். நிறுத்திய முதல் வாரம் அரிப்பு ஏறும், பயப்படாதீர்கள், திரும்ப அதை எடுக்காதீர்கள். குளோட்ரிமசோல் அல்லது டெர்பினாபின் களிம்பு, படையின் ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை. மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் போடுங்கள். முதுகு வரை போய்விட்டதால் உங்களுக்கு மாத்திரையும் தேவைப்படலாம், அதை மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். உள்ளாடையை வெயிலில் காயப்போடுங்கள், மழையாக இருந்தால் இஸ்திரி போடுங்கள். கூடத் தங்கியிருப்பவர்களில் யாருக்காவது அரிக்கிறதா என்று கேளுங்கள், அவரும் சேர்ந்து மருந்து போடாவிட்டால் உங்களுக்கு மறுபடி வரும். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் ராத்திரி அரிப்பு கொட்டகை முழுக்க எல்லாருக்கும் இருந்தால் அது சிரங்கு, வேறு மருந்து. அதற்கு ஒரே நாளில் எல்லாரும் மருந்து பூசவேண்டும்.

கேள்வி: கதவு ஜன்னல் செய்கிற ஆசாரி நான். பிங்காடோ, வேம்பு எதற்கும் ஒன்றுமில்லை. தேக்கு இழைத்தால் மட்டும் மறுநாள் கண் இமை வீங்கிவிடுகிறது. தேக்கு கூட ஒத்துக்கொள்ளாமல் போகுமா?
(மோல்மீன்)

பதில்: போகும். தேக்கின் நடுவில் வைரம் பாய்ந்த கட்டையில் டியாக்சிலபாக்கால் என்ற பொருள் இருக்கிறது, அது சிலருக்கு ஒவ்வாமை தரும். கரையானை அண்டவிடாமல் தேக்கைக் காப்பாற்றுவதும் இதே இனத்துப் பொருள்கள்தான். இமைத்தோல் உடம்பிலேயே மெல்லியது, காற்றில் பறக்கும் தூள் அங்கேதான் முதலில் வேலையைக் காட்டும். மிஷின் போட்டு உப்புத்தாள் தேய்க்கும்போதுதான் தூள் அதிகம், அந்த வேலையை வெளியில் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி நின்று செய்யுங்கள். கண்ணாடி, முகமூடி, முழுக்கைச் சட்டை. வேலை முடிந்ததும் வீட்டுக்குள் நுழையும் முன் முகம் கழுவிச் சட்டையை மாற்றுங்கள். மூச்சு இழுத்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். பக்கத்தில் யாராவது திச்சி மர அரக்கு பூசினாலும் தள்ளி நில்லுங்கள், காயாத பச்சை அரக்கு தேக்கைவிட மோசமாகக் கொப்புளிக்க வைக்கும்.

கேள்வி: நான் பெகுவில் மேஸ்திரியாக இருக்கிறேன், கையெல்லாம் சிமென்ட் தின்றுவிட்டது. பத்தாவது முடித்த மகனும் என்னோடு வருகிறேன் என்கிறான். எனக்கு வந்தது அவனுக்கும் வருமா? கிளவுஸ் கேட்டால் முதலாளி சிரிக்கிறார்.
(பெகு)

பதில்: ஐயா, முதலாளி விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். 2019-இல் நம் பர்மாவில் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம் நிறைவேறியது. ஆபத்தான வேலைக்குப் பாதுகாப்புச் சாதனம் கொடுப்பது வேலை கொடுப்பவர் பொறுப்பு. நாள்கூலிக்குப் போகிறவர் சட்டத்தைக் காட்டினால் மறுநாள் வேலை இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் மேஸ்திரி, கூலியாள் பேச முடியாததை நீங்கள் பேசலாம். வேலைக்கு விலை பேசும்போதே கிளவுஸுக்கும் பூட்ஸுக்கும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். கம்பி, ஜல்லி, மணல் என்று கணக்கு எழுதுகிறீர்கள், ஆளுடைய கையும் அந்தக் கணக்கில் வரட்டும்.

மகனைப் பற்றி. சிமென்ட் ஒவ்வாமை அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே இறங்குவது இல்லை. ஆனால் சின்ன வயதில் முழங்கை மடிப்பிலும் முழங்கால் பின்பக்கத்திலும் கரப்பான் என்கிற தோல் அரிப்பு வந்த பிள்ளைகளுக்குத் தோல் இயல்பிலேயே பலவீனம், ஈர வேலைக்குப் போனால் கை சீக்கிரம் கெடும். அப்படி வந்திருந்தால் கலவையில் கை வைக்காத வேலையாகப் பாருங்கள், மின்சார வேலை, கம்பி கட்டுகிற வேலை என்று கட்டடத்திலேயே எத்தனையோ இருக்கிறது. வரவில்லை என்றால் வரட்டும், முதல் நாளிலிருந்து கிளவுஸோடு வரட்டும், உங்களிடம் தொழில் கற்றுக்கொள்வதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. மடிப்பில் கரப்பான் வந்ததா என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்காது, அவன் அம்மாவுக்கு இருக்கும். கேட்டு எழுதுங்கள், உங்கள் கையையும் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.